செல்லையா சொல்லாமல் விட்ட வசனம்

கரண்ட் வந்துவிட்டது. மணிச் சத்தம் மட்டும் வரவில்லை.

திங்கட்கிழமை காலை நான் முதலில் கவனித்தது அதைத்தான். தெருவே "மீ லா பியீ", கரண்ட் வந்தாச்சு என்று பர்மா பாஷையில் கத்தி முடித்தது, எங்கள் தையல் மிஷின் எல்லாம் ஓட ஆரம்பித்தது... பக்கத்துக் கடையில் டிங் டிங் டிங் இல்லை.

கொஞ்ச நேரத்தில் எங்கள் கடை மேரி அக்கா போனை வைத்துவிட்டுச் சொன்னார். "பெருமாள் மாமா நேத்து போயிட்டாராம்டி. நெஞ்சு வலி."

எனக்கு இங்கே எழுதிப் பழக்கம் இல்லை. எல்லாருக்கும் லைக் மட்டும் போடுகிற ஆள் நான். இன்று எழுதுகிறேன்.

பசுந்தாங் பேட்டையில் எங்கள் தையல் கடைக்கும் மாமாவின் டிவி ரிப்பேர் கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அதுவும் பாதி உயரம். காஜா எடுக்க நான் உட்காரும் ஸ்டூலில் இருந்து பார்த்தால் அவர் மேஜை முழுசாகத் தெரியும்.

எந்த டிவி ரிப்பேர் ஆனாலும் ஒரே சிடி போட்டுத்தான் டெஸ்ட் பண்ணுவார். ஒரு பழைய வெளிநாட்டு மல்யுத்த ஷோ. அந்த ஊர்க்காரர்கள் அதை வீட்டில் பார்க்கத் தனியாகக் காசு கட்டணுமாம், அவ்வளவு பெரிய ஷோ. ஒரே சிடியில் ஏழு மேட்ச்.

"வேற படமே கிடையாதா மாமா?" என்று மேரி அக்கா சலித்துக்கொள்வார்.

"இதுல இருட்டு இருக்கு, புகை இருக்கு, வெடி இருக்கு. அந்தத் தடியன் ஜட்டி சிவப்பா தெரிஞ்சா டிவி சரியாயிடுச்சுன்னு அர்த்தம். உன் சீரியல்ல என்ன இருக்கு? அழுகைதான்!"

டிங் டிங் டிங் என்று மணி அடித்து முதல் மேட்ச் சத்தத்தோடு ஓடும். அது ஸ்பீக்கர் டெஸ்ட். இரண்டாவது மேட்சுக்கு சத்தத்தை நிறுத்திவிட்டு மாமாவே பேசுவார். எங்களில் யாருக்கும் அந்த இங்கிலீஷ் புரியாது, அதனால் மாமா சொன்னதுதான் கதை.

மஞ்சள் முடிக்காரன் செல்லையா. சிவப்பு ஜட்டித் தடியன் மாணிக்கம். மாணிக்கத்தின் தங்கச்சியைத்தான் செல்லையா கட்டியிருக்கிறான்.

"என் தங்கச்சி கல்யாண டான்பவு பிரியாணில எனக்கு வெறும் சோறு! கறி எங்கடா?" என்று கேட்டுக் கேட்டுத் தூக்கிப் போடுவான் மாணிக்கம். பாவம் செல்லையா... ஒரு துண்டு கறிக்கு அத்தனை அடி.

கடைசி மேட்ச் இரும்புக் கூண்டுக்குள் நடக்குமாம். அதுவரைக்கும் கரண்ட் ஒருநாளும் இருந்ததில்லை. ஜெயித்தவனுக்குக் கொடுக்கிற பெல்ட் யாருக்குக் கிடைத்தது என்று எனக்கு இன்னும் தெரியாது.

ஒருநாள் செல்லையா விழுந்து கிடக்கிறான். மாணிக்கம் குனிந்து என்னவோ கேட்கிறான். செல்லையாவின் வாய் அசைகிறது, அந்த நேரம் பார்த்து மாமாவுக்கு இருமல்.

என் வாயில் இருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை. "உனக்குன்னு எடுத்துதான் வச்சிருந்தோம் மச்சான்... நீதான் இருந்து சாப்பிடல."

இரண்டு கடையும் சிரித்தது. "அடிப்பாவி, உனக்குப் பேசக்கூட வருமா!" என்றார் மேரி அக்கா.

நான் ஏழாவதோடு படிப்பை விட்டவள். வீட்டு நிலைமை ஒரு காரணம். வகுப்பில் எழுந்து நின்றால் எனக்குத் தொண்டை அடைத்துவிடும், அதுவும் ஒரு காரணம்.

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "இனிமே செல்லையா உன் ஆளு. அந்த இடத்துல நான் வாயத் திறக்க மாட்டேன்."

திறக்கவே இல்லை. இரண்டு வருஷம். அந்த இடம் வந்தால் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு தடுப்புப் பக்கம் திரும்புவார், நான் சொல்வேன், பிறகு வேலையைப் பார்ப்பார்.

போன வியாழக்கிழமை அவர் கடையில் தெரியாத ஆட்கள் நாலு பேர் நின்றார்கள். அதில் இரண்டு பேர் என் வயசுப் பையன்கள்.

செல்லையா விழுந்தான். மாமா திரும்பினார். "ம்?" என்றார்.

நான் சட்டையை இழுத்து முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டேன். காஜா எடுக்கிற மாதிரி.

மாமா காத்திருந்தார். செல்லையாவின் வாய் சும்மா அசைந்து மூடிக்கொண்டது.

"இன்னைக்கு செல்லையாவுக்குத் தொண்டை கட்டியிருக்கு," என்று அந்த ஆட்களிடம் சொன்னார். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

நாளைக்கு டபுள் சத்தமாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். வெள்ளி, சனி இரண்டு நாளும் எங்கள் தெருவில் கரண்டே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாமா போய்விட்டார்.

திங்கட்கிழமை மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனோம். கூட்டம். நான் செருப்புகள் கிடந்த இடத்திலேயே நின்றுவிட்டு வந்தேன்.

இன்று மாமாவின் மனைவி கமலா அத்தை வந்து கடையைத் திறந்தார். மாமா சரி பண்ணி வைத்திருந்த டிவியை வாங்கிப் போக ஒரு பர்மாக்காரப் பெரியவர் வந்திருந்தார், போட்டுக் காட்டச் சொன்னார்.

அத்தை தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தார். "எதை எங்க சொருகுறதுன்னு எனக்குத் தெரியலம்மா. நீ தினம் பார்ப்பியே..."

போனேன். சிடி உள்ளேயேதான் இருந்தது.

டிங் டிங் டிங்.

அத்தை மாமாவின் ஸ்டூலில் உட்கார்ந்தார். மேரி அக்கா கையில் கத்தரிக்கோலோடு வந்து நின்றார். புகை தெரிந்தது, வெடி தெரிந்தது. சிவப்பு சிவப்பாகவே இருந்தது.

"கௌண்டே, கௌண்டே," நல்லா இருக்கு என்று சொல்லிப் பெரியவர் டிவியைத் தூக்கக் கை நீட்டினார்.

"கொஞ்சம் இருங்க," என்று அவரிடம் பர்மா பாஷையில் சொன்னேன். ரிமோட்டை எடுத்து சத்தத்தை நிறுத்தினேன்.

மாணிக்கம் சத்தமில்லாமல் கத்தினான். தூக்கினான், போட்டான். செல்லையா விழுந்தான். மாணிக்கம் குனிந்தான்.

சொல்லிவிட்டேன் மாமா. தெருவுக்கே கேட்கிற மாதிரி.

போய்ட்டு வாங்க.