போசியில் எடுத்த பனி

போன வாரம் வரைக்கும் என் அடுப்படி அலமாரியில் மூடி போட்ட ஒரு எவர்சில்வர் தூக்குப்போசி இருந்தது. மோருக்கும் எடுக்கமாட்டேன், குழம்புக்கும் எடுக்கமாட்டேன். என் சம்பந்தியம்மா, அதாவது என் மகளின் மாமியார், இமாசல மலைக்குக் கொண்டுபோய்ப் பனியை அள்ளிப்போட்ட போசி அது.

கிணத்துக்கடவில் தோப்பும் கடலைக்காடும் பார்த்தவர். இரண்டு முட்டியும் தேய்ந்துபோய், மாற்றித்தான் ஆகவேண்டும் என்று காந்திபுரத்தில் டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ஆஸ்பத்திரி டிவியில்தான், காலில் நீளக் கட்டை கட்டிக்கொண்டு பனியில் சறுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறார். "ஏனுங்க சம்பந்தி, புது முட்டி போட்டா குதிக்கக்கூடாதாமா. அதுக்குள்ள இந்தப் பழைய முட்டிய வெச்சு ஒருக்கா வழுக்கிப்போட்டு வந்தர்றனுங்க" என்றார். மாப்பிள்ளைக்கு இஷ்டமில்லை. கடைசியில் என்னிடம், "உங்களை நம்பித்தானுங்க அத்தை அனுப்பறேன். அம்மா காலுக்கு ஒண்ணும் ஆகாமக் கூட்டிட்டு வந்துருங்க" என்றார். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள்தான். ஆனால் கொடுத்த வாக்கைத் தவறவிட்டதில்லை.

டூர் பஸ்ஸில் மூன்று ஊர் போனோம். பனி எல்லாம் ஒன்றுதானே என்று நான் நினைத்திருந்தேன். முதலில் சோலாங். உச்சி வெயில். சம்பந்தி கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு பிடி அள்ளி இறுக்கினார். உழவுக்கு முன்னால் காட்டு மண்ணைப் பிடித்துப் பதம் பார்ப்போமே, அப்படி. விரல் இடுக்கில் தண்ணீர் ஒழுகியது. "சேறுங்க. காலை உள்ள இழுத்துப்போடும்" என்றார். அடுத்த ஊர்ப் பனியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும் என்று ஒரு பிடியைப் போசியில் போட்டு மூடிக்கொண்டார். மறுநாள் குஃப்ரியில் திறந்தால் வெறும் தண்ணீர்! பஸ்ஸே சிரித்தது. "சிரிங்க, சிரிங்க. என்ற கைக்கு ஞாபகம் இருக்குது" என்றார். குஃப்ரிப் பனி குதிரை மிதித்து மிதித்து, கல்லுப்பு மாதிரி நறநறத்தது. பிடிபடவே இல்லை. இதில் விழுந்தால் முட்டி என்னவாகும் என்று சம்பந்தியின் கையைப் பிடித்து பஸ்ஸுக்கே கூட்டிவந்துவிட்டேன்.

கடைசியாக நார்க்கண்டா. ராத்திரி பெய்த பனி, காலை வெயில் இன்னும் ஏறவில்லை. இந்தத் தடவை நானும் ஒரு பிடி பிடித்துப் பார்த்தேன். இறுக்கினால் உருண்டையானது, கீழே போட்டால் பொலபொலவென்று உதிர்ந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "பதமுங்க சம்பந்தி. இன்னைக்கு ஏர் பூட்டலாமுங்க" என்றார்.

"கால் ஒடிஞ்சா மாப்பிள்ளைக்கு நான் என்னங்க பதில் சொல்றது?"

"எப்படியும் டாக்டரு அறுக்கப்போற காலுதானுங்களே!"

அங்கிருந்த ஆள் அவர் காலில் கட்டையைக் கட்டிவிட்டு, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு போய், சரிவில் மெல்ல விட்டார். தென்னைமரத்தைப் படுக்கவைத்த தூரம்தான் சம்பந்தி போயிருப்பார். பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். நான் வழுக்கி வழுக்கி ஓடினேன். கால் இரண்டையும் நீட்டிக்கொண்டு, கை நிறையப் பனியோடு சிரித்துக்கொண்டிருந்தார். முட்டிக்கு ஒன்றுமில்லை. மெத்தையில் உட்கார்ந்த மாதிரி இருந்ததாம்.

ஊருக்கு வந்து முட்டி மாற்றி, புது முட்டியோடு சில வருஷம் தோப்பெல்லாம் நடந்து தீர்த்துவிட்டுத்தான் சம்பந்தி கண்ணை மூடினார். போசி என்னிடமே தங்கிவிட்டது. போன வாரம் மாப்பிள்ளை வந்து, "பிள்ளைங்களைப் பனி பார்க்கக் கூட்டிட்டுப் போறனுங்க அத்தை. மூணுல எந்த ஊரு பனிங்க நல்லது?" என்று கேட்டார்.

"அது அன்னன்னிக்கு மாறுமுங்க மாப்பிள்ளை. கையில புடிச்சுப் பாருங்க" என்று சொல்லிப் போசியை எடுத்துக் கொடுத்தேன்.

"ஊருக்கு வர்றதுக்குள்ள தண்ணியாயிருமுங்களே?"

"ஆகட்டுமுங்க. அம்மா வெச்ச தென்னைக்கு ஊத்திக்கலாம்."

அலமாரியில் அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது. எந்த ஊர்ப் பனி வருகிறதென்று பார்க்கவேண்டும்.