மில்லிக்குப் பின்னால் வரும் சொல்

நான் தயாரித்த மருந்துச் சீட்டை என் மேஜைமேல் விரித்து, அதில் இரண்டு எழுத்துகளை மட்டும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுக் காட்டினார் சிஸ்டர். ஒன்று ‘கி’. மற்றது ‘லி’. அந்தக் காலைப்பொழுது எனக்கு இன்றும் மறக்கவில்லை.

மலையாள மண்ணில், கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. நான் அங்கே மருந்தகப் பொறுப்பாளன். சிஸ்டர் குழந்தைகள் வார்டின் தலைமை நர்ஸ்; பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்துப் பெண்மணி. ஏறக்குறைய என் வயதுதான். வீடு திரும்பும் நோயாளிகளுக்குத் தரும் சீட்டு அதுவரை மலையாளத்தில் மட்டுமே இருந்தது. ஓட்டல்களிலும் கட்டட வேலையிலும் இருந்த தமிழ்க் குடும்பங்கள் அதை வாசிக்கத் தெரியாமல் தவித்தன. தமிழர்கள் நிறைந்த வலியசாலையில் வளர்ந்து தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்பதால் தமிழ்ச் சீட்டைத் தயாரிக்கும் வேலை என்னிடம் வந்தது. மில்லிகிராம், மில்லிலிட்டர் என்ற நீண்ட பெயர்கள் அந்தச் சின்னக் கட்டங்களில் அடங்கவில்லை. மி.கி., மி.லி. என்று வெட்டிச் சுருக்கினேன். தாள் பார்க்க அழகாக இருந்தது.

“ரெண்டும் இரட்டைப் பிள்ளைங்க மாதிரி இருக்கே சாரே. கண்ணு தப்பிப் போவும், கேட்டியளா?” என்றார் சிஸ்டர்.

“லோகமே கிலோன்னுதானே சொல்றது சிஸ்டர்? கிலோகிராம்னு முழுசாச் சொல்லி யாரு அரிசி வாங்கறா?”

“அரிசிக்கடையில கிலோமீட்டர் விக்க மாட்டாங்க. இங்க மில்லியில கிராமும் உண்டு, லிட்டரும் உண்டு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல பதில்தான் என்று மனதுக்குள் ஒப்புக்கொண்டேன். ஆனால் சீட்டை மாற்றவில்லை, அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.

சில வாரங்கள் கழித்து, வலிப்பு வந்த எட்டு மாதப் பெண்குழந்தை ஒன்று தேறி வீட்டுக்குப் போனது. அப்பா ஓட்டல் தொழிலாளி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வலிப்பு மருந்துக்குச் சீட்டில் ‘10 மி.கி. (2.5 மி.லி.)’ என்று இருந்தது. மறுநாள் மதியம் குழந்தையின் அம்மா வார்டுக்குப் போன் செய்தாள். பிள்ளை பால் குடிக்கக்கூடக் கண் திறக்கவில்லை என்று அழுதாள். அப்போது நான் சிஸ்டரின் பக்கத்தில் நின்றிருந்தேன்.

“மருந்து எவ்வளவு குடுத்தே மக்களே?”

“பத்து மில்லி, சிஸ்டர். சீட்டுல உள்ளபடிதான்.”

கொடுக்க வேண்டியது இரண்டரை மில்லிலிட்டர்; இது அதைப் போல நான்கு மடங்கு. சிஸ்டரின் குரல் கொஞ்சமும் உயரவில்லை. “சரி, இனி குடுக்கண்டாம். குப்பியையும் சீட்டையும் எடுத்துக்கிட்டு இப்பவே ஆட்டோவில வா” என்றார். வாசலில் போய் நின்று, ஆட்டோ வந்ததும் குழந்தையைத் தானே வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலை குழந்தை பசியில் வீறிட்டு அழுதது. அதைக் கேட்க வார்டே கூடிவிட்டது.

அதற்குள் நிர்வாகத்தில் ஒரு குறிப்பு தயாராகியிருந்தது: ‘தாயின் கவனக்குறைவு.’ சிஸ்டர் அதில் கையெழுத்துப் போட மறுத்தார். கண்காணிப்பாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

“அவ சரியாத்தான் வாசிச்சா சாரே. நம்ம வார்டுலயும் ரெண்டுக்கும் மில்லின்னுதானே சொல்லுதோம்? பின்ன அவ மட்டும் எப்படிப் பிரிச்சு அறிவா?” என்றார் சிஸ்டர். முன்பே எச்சரித்ததை அவர் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. திரும்பியிருந்தால் ஒருவேளை நான் சாக்குச் சொல்லியிருப்பேன்.

“சீட்டைத் தயார் பண்ணினது நான். சிஸ்டர் அப்பவே வேண்டாம்னு சொன்னா. நான்தான் கேக்கலை” என்றேன். அந்தக் குறிப்பை அடித்து நீக்கினார்கள்.

பெயர்களை முழுமையாக எழுதிய புதுச் சீட்டோடு மறுநாள் அவரிடம் போனேன். பாராட்டுவார் என்று நினைத்தேன், போதாது என்று தலையை ஆட்டினார். “நீங்க எவ்வளவு நீட்டி எழுதினாலும் ஜனம் அதை முறிச்சு மில்லின்னுதான் சொல்லும். வீட்டுக்குப் போற தாளில ஒரே ஒரு மில்லி மதி, ஒண்ணு போதும் சாரே.” அதன்படி மில்லிகிராம் டாக்டர்களின் தாளோடு நின்றது, முழுப்பெயரோடு. வீட்டுச் சீட்டில் மில்லிலிட்டர் மட்டும். மருந்து அளக்க, கோடு போட்ட ஊசியில்லாத சிரிஞ்சு.

அளவுகளின் பெயர்களைச் சுருக்கினால் என்ன என்று கணினிப் பிரிவு இளைஞர்கள் இப்போதும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பேசுகிறவர்கள் எப்படியும் சுருக்கிக்கொள்வார்கள். எதை வெட்டினால் எது மிஞ்சும், அது யார் கையில் போய்ச் சேரும் என்று எழுதுகிறவன் பார்க்க வேண்டும். புத்தகத்தில் நான் படிக்காத இதை சிஸ்டர் தினமும் தாய்மாரோடு பேசியே கண்டிருந்தார். பயிற்சி நர்சுகளை நாலு பேர் முன்னால் அவர் திட்டுவது எனக்குப் பிடிக்காது. ஆனால், கீழே இருப்பவர்மேல் பழி விழ அவர் விட்டதில்லை.

குழந்தை மறுபடி வீட்டுக்குப் போன நாளில், சிஸ்டர் அந்த அம்மாவை மூன்று தடவை சிரிஞ்சில் மருந்தை எடுத்துக் காட்டச் சொன்னார். மூன்றாம் தடவை அவள் சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டாள்.

“நான்தானே சிஸ்டர், எம்புள்ளய...” என்று உடைந்துபோனாள்.

சிஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “இல்ல மக்களே. எழுதியிருந்ததைத்தான் நீ குடுத்தே. தப்பா எழுதினது நாங்க.”

அந்த ‘நாங்க’வுக்குள் அவர் வந்து நிற்க வேண்டிய அவசியமே இல்லை. வந்து நின்றார், என் பக்கத்தில்.