ஆறும் களிம்பில் விழுந்த விரல் குழி

கீழ்க்கட்டளை ஏரிக்கரை ஓரமாக அப்போது ஒரு தகரக் கொட்டகை இருந்தது. இப்போது அங்கே கல்யாண மண்டபம். அதில் ஒரு தரம் சாப்பிட்டும் இருக்கிறேன், சாம்பார் சுமார்தான். உதட்டுக்கும் குதிகாலுக்கும் போடுகிற களிம்பை அந்தக் கொட்டகையில்தான் காய்ச்சினோம். நான் அடுப்படி. பல்லாவரத்திலிருந்து நடந்து வரும் ஒரு பெண் டப்பாவில் ஊற்றி மூடுவாள். அவள் வீட்டில் உலை கொதித்தது அந்தச் சம்பளத்தில்தான். சாயங்காலம் சட்டியில் ஒட்டியதை வழித்து உதட்டில் தடவிக்கொள்வாள். முதலாளி கண்டுகொள்ள மாட்டார்.

தேன்மெழுகு விலை ஏறியதும் அவர் செயற்கை மெழுகு மூட்டை இறக்கினார். ஜவ்வரிசி மாதிரி வெள்ளை உருண்டைகள். வாசனையே கிடையாது. தேன்மெழுகு உருகினால் ஈ, எறும்பு, பக்கத்து வீட்டுக் கோழிகூட எட்டிப் பார்க்கும். இதன் பக்கம் ஒன்றும் வரவில்லை. எனக்கு அதுவே என்னவோ போலிருந்தது. லேசில் உருகவும் இல்லை. அடுப்பை ஏற்றிவிட்டு, சூடு தணியாமல் அப்படியே ஊற்றச் சொன்னேன்.

ஆற வைத்துவிட்டு மதியம் சாப்பிடப் போனோம். திரும்பி வந்தால் எல்லா டப்பாவிலும் நடுவில் ஒரு குழி. யாரோ விரல் விட்டு எடுத்த மாதிரி.

முதலாளி அவளைக் கூப்பிட்டார். "வெரல வை."

வைத்தாள். அச்சாகப் பொருந்தியது.

"சட்டிய வழிச்சது பத்தலியா ஒனக்கு? நாளைலேர்ந்து வராத."

"நான் வெளிய மரத்தாண்ட குந்திகினு இருந்தேன் சார். அண்ணாவ கேளுங்க."

நான் வாய் திறக்கவில்லை. பொருந்தியதைத்தான் கண்ணால் பார்த்தேனே.

மறுநாள் நானே ஊற்றினேன். கதவைச் சாத்தி, சோற்றையும் உள்ளேயே பிரித்தேன். முதலில் டப்பாவின் ஓரம் வெளுத்தது. அப்புறம் யாரும் தொடாமல் நடு மெதுவாக அமுங்கியது. பக்கத்து டப்பா. அதற்கடுத்தது. ஊற்றிய வரிசையிலேயே, ஒரு விரல் நடந்து போவதுபோல.

முதலாளியைக் கூட்டிவந்து காட்டினேன். "உங்க வெரல வைங்க சார்" என்றேன். அவருக்கும் பொருந்தியது. அடுப்புச் சட்டியைத் தொட்டுப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார்.

"சூடு ஜாஸ்தி. ஆறும்போது சுருங்குது. அந்தப் பொண்ண வரச் சொல்லு."

வந்தாள். சூட்டைத் தணித்து ஊற்றினோம், குழி விழவில்லை. ஆனால் அவள் அந்தக் கொட்டகையில் தனியாக நிற்பதை விட்டுவிட்டாள். நான் தண்ணீர் குடிக்கப் போனாலும் இரண்டு கையையும் முந்தானையில் சுற்றிக்கொண்டு பின்னாலேயே வருவாள்.

"இன்னாத்துக்கு இப்பிடி வர?"

"என் கை எங்க கீதுன்னு நீ பாத்துகினே இருண்ணா. அன்னிக்கி நீ ஒண்ணுமே சொல்லல."