கணினியைத் துடைக்கும் முன்

கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ் இயங்குதளத்தை அப்படியே புதுப் பதிப்புக்கு உயர்த்துவது நல்லதா, எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து போடுவது நல்லதா? இன்னமும் எனக்குப் பதில் தெரியவில்லை.

மகளுக்கு இரண்டு வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. வீட்டில் எப்போதாவது ஏதாவது சத்தம் எழுப்புவாள். வெளி ஆட்களைக் கண்டால் வாயை இறுக்கிக்கொள்வாள். நுவரெலியா கிளினிக்கிலும் அப்படித்தான். வீட்டில் அவள் போடும் சத்தங்களைப் பதிவு செய்து கொண்டுவரச் சொன்னார் டொக்டர்; கேட்டால்தான் எதையும் சொல்ல முடியுமாம்.

அக்கரப்பத்தனையில் எங்கள் தேயிலைத் தோட்டக் குவார்ட்டர்ஸ் வீட்டில் ஒரு பழைய கணினி இருந்தது. கொழும்பில் கணினிக் கடையில் வேலை செய்யும் என் தம்பி, தீபாவளிக்கு வந்தபோது அதில் லினக்ஸ் போட்டுத் தந்திருந்தான். மைக்கை மேசைக் காலில் கட்டிவிட்டு அவள் விளையாடுவதைப் பதிவு செய்தேன். ஒருநாள், மானிட்டரின் வெதுவெதுப்பில் அதன் மேல் காயப்போட்டிருந்த தன் காலுறையைத் தொட்டு "சூடு" என்றாள். அவ்வளவு தெளிவாக. அது பதிவிலும் விழுந்தது. பிறகு அந்தச் சொல்லை அவள் சொல்லவே இல்லை.

பதிவில் இரைச்சல் அதிகம். புதுப் பதிப்பில் சரியாகிவிடும் என்று தம்பி ஒரு சீடியைத் தபாலில் அனுப்பினான். பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்ததும் போட்டேன். பாதி ஏறும்போது காற்றோடு மழை பிடித்து, கரண்ட் போய்விட்டது.

கரண்ட் வந்தபோது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மட்டும். தம்பியைப் போனில் கூப்பிட்டேன்.

"பயப்படாதக்கா. நான் சொல்றத அப்படியே டைப் பண்ணு."

விட்ட இடத்திலிருந்து தொடர வைக்கும் கட்டளையை எழுத்தெழுத்தாகச் சொன்னான். அப்படியே அடித்தேன். பழைய திரை திரும்பி வந்தது. பதிவுகளும் இருந்தன. ஆனால் ஓடவிட்டால் நேரம் மட்டும் நகர்ந்தது, சத்தமே இல்லை.

என் கணவர் எட்டிப் பார்த்தார். "பிள்ளையும் பேசல, இப்ப மெஷினும் பேசலயா?" வேடிக்கைக்குத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"வெடிச்ச சுவருக்கு எத்தன தடவ சுண்ணாம்பு அடிப்ப? இடிச்சிட்டுக் கட்டுக்கா," என்றான் தம்பி போனில். "தொடச்சிட்டுப் புதுசா போட்டா சத்தம் தானா வந்துரும்."

"பதிவெல்லாம்?"

"பென் டிரைவ்ல எடுத்து வச்சுக்க."

எடுத்தேன். மறுநாள் பள்ளிக்கூட அலுவலகக் கணினியில் போட்டுப் பார்த்தேன். அது விண்டோஸ், இந்த வகைக் கோப்பைத் திறக்கத் தெரியாது என்று கைவிரித்துவிட்டது.

"ரெண்டு இடத்துலயும் கோப்போட சைஸ் ஒண்ணா இருக்கா?" என்று போனில் கேட்டான் தம்பி.

"இருக்கு."

"அப்ப உள்ளயும் அதேதான். பரீட்சப் பேப்பர் திருத்துற மாதிரி எல்லாத்தையும் சந்தேகப்படாத."

அன்று சாயந்தரம் சீடியைப் போட்டு, முழுவதையும் அழிக்கவா என்று கேட்கும் இடம் வரை போனேன். மகள் மடியில் இருந்தாள். மானிட்டர் மேல் உள்ளங்கையை வைத்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தச் சொல்லை இன்னொரு முறை சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. சீடியை வெளியே எடுத்துவிட்டேன்.

அடுத்த மாதம் கிளினிக். கணினி ஊமையாகவே இருக்கிறது. காதால் கேட்டுப் பார்க்காத பிரதியை நம்பி எல்லாவற்றையும் துடைத்தவர்கள் இதை வாசிக்கும் உங்களில் இருக்கிறீர்களா? துடைக்காமலே சத்தத்தை மீட்க வழி உண்டா? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். அதுவரை நான் எதையும் அழிக்கப்போவதில்லை.