போட்டோவுல நான் இல்ல

அந்த போட்டோ இன்னும் என் போன்லதான் இருக்கு. அழிக்க கை வரல. பழவேற்காடு ஏரி, இடுப்பளவு தண்ணி, நடுவுல எங்க அத்த மட்டும். பல்லுல பனையோலைப் பறிக்கூடைய கவ்விகினு, கண்ணு ரெண்டும் செவந்து, கன்னத்துல தண்ணி வழியுது. மெட்ராஸ்லேர்ந்து கேமராவோட வந்த ஒருத்தர் எடுத்து, 'பசியின் கண்ணீர்'னு எழுதி நெட்ல போட்டுட்டார். பார்த்தவங்க அத்தினி பேரும் உச்சு கொட்டினாங்க.

நாங்க கையால தடவி எறா புடிக்கிற ஜனம். ரெண்டு கையும் சேத்துக்குள்ள இருக்கும், புடிச்சத போடுற பறி வாயில தொங்கும். வாயத் தொறந்தா பறியும் போச்சு, எறாவும் போச்சு. கரையில அத்தகிட்ட வாய் குடுத்தா நம்மள உண்டு இல்லன்னு ஆக்கிடும். அதனால தண்ணியில எறங்கினப்புறம்தான் நான் கலாய்க்கவே ஆரம்பிப்பேன். பதிலே வராது பாருங்க! மொறைக்கும், மூக்கால உறுமும். சிரிப்ப அடக்குதுன்னு நெனச்சிப்பேன். அன்னிக்கும் ரெண்டு மொழம் தள்ளி நின்னு ஓட்டினுதான் இருந்தேன். கேமராக்காரர் என்ன வெட்டிட்டு அத்தய மட்டும் வெச்சிகினார்.

அத்த புள்ளைக்கு ஓசூர்ல கம்பெனி வேல. அடுத்த மாசம் பர்மனெண்ட் ஆவணும், அதுவரைக்கும் லீவே கெடையாது. போட்டோவ பார்த்துட்டு எனக்கு போன் பண்ணி அழுவுறான்.

"மச்சான், அம்மா சோத்துக்கு இல்லாம கெடக்குதாடா? வேலயாவது மண்ணாவது, கெளம்புறேன்."

"டேய் லூசு, அது ஏரித் தண்ணிடா. நான் கலாய்ச்சேன், உங்கம்மா சிரிப்ப அடக்க முடியாம தவிக்குது. நேத்துகூட நண்டு கொழம்பு வெச்சி எனக்கே ஊத்துச்சு. இரு, அதையே கேளு."

ஸ்பீக்கர்ல போட்டு நீட்டினேன். அத்த கரையில குந்தி எறா பிரிச்சினு இருந்துச்சு. நிமிந்துகூட பாக்கல.

"எவன்டா சொன்னான், நான் சிரிச்சேன்னு?"

வெளையாட்டுக்கு சொல்லுதுன்னு நெனச்சேன். "இன்னா அத்த, அன்னிக்கி நான் சொன்னது மறந்துட்டியா?"

"எங்க மறக்கிறது? 'பொங்கலுக்கும் வரல, ஆடிக் கூழுக்கும் வரல, உன் புள்ள அங்க வேற அம்மாவ புட்சிகினான்'னியே. வாயில பறி. உன்ன இன்னான்னு கேப்பேன்? அழுதேன்."

பசின்னு எழுதினவரும் தப்பு, சிரிப்புன்னு சொன்ன நானும் தப்பு. போட்டோவுக்கு கீழ எத்தினியோ பேரு கேட்டிருந்தாங்க, இந்தத் தாயை அழவெச்சது யாருன்னு. கவர்மெண்ட திட்டினாங்க, ஏரியில கழிவ விடுற பேக்டரிய திட்டினாங்க. எல்லாத்துக்கும் நானும் லைக் போட்டிருந்தேன். அன்னிக்கி ஒரு நாளுதான் கேமராவுல மாட்டிகிச்சு. இத்தினி வருசத்துல கேமரா இல்லாம நான் அழவெச்ச நாளு எத்தினியோ.

"மச்சான், சிக்னல் வெட்டுது. அம்மா இன்னாடா சொல்லுச்சு? சிரிச்சதுதான?"

அத்த இப்பதான் நிமிந்து என்ன பார்த்துச்சு. வரச் சொல்லுன்னும் சொல்லல, வேணான்னும் சொல்லல.

"இல்லடா. அழுதுச்சு. நான்தான் அழவெச்சேன். வேலய அப்புறம் பாத்துக்கலாம், நீ கெளம்பி வா"ன்னேன்.