லிஸ்பனில் சுவர் தட்டியது

மார்த்தாண்டத்தில் இருபது வருடமாக டைல்ஸ் கடை வைத்திருக்கிறேன். யார் வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் தரைக்குத்தான் போகும். போன வருடம், லிஸ்பனில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகன் எங்களை அங்கே அழைத்தான். போய் இறங்கிய மறுநாள் காலை அவன் அலுவலகம் போனதும், நானும் மனைவியும் ஊர் பார்க்க இறங்கினோம்.

தெரு முழுக்க டைல்ஸ். தரையில் இல்லை, வீடுகளின் வெளிச்சுவரில். ஒரு வீட்டில் அடியிலிருந்து கூரை வரை நீலமும் வெள்ளையும். பக்கத்து வீட்டில் மஞ்சள் பூ. மனைவி நின்றுவிட்டாள்.

“இதென்ன, குளிமுறிச் சுவர வெளிய திருப்பி வச்சிருக்காவ?”

“கொள்ளாம்லா? நல்ல அழகு.”

“கொள்ளாம். ஒரு வாளியும் கப்பும்தான் குறை.”

ஒட்டிய டைல்ஸைக் கண்டால் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பது என் தொழில் பழக்கம். பின்னால் கலவை நிறைந்திருந்தால் சத்தம் கனமாக வரும்; இல்லையென்றால் காலி டப்பா மாதிரி கேட்கும். நீல வீட்டில் தட்டினேன். கனம். அடுத்ததும் கனம். ஜன்னலுக்குக் கீழே ஒன்று காலி டப்பா. சந்தேகம் தீர இன்னும் நாலு தட்டு தட்டினேன்.

ஜன்னல் திறந்தது. எழுபது வயதிருக்கும் ஒரு பெண்மணி, கையெல்லாம் மாவு. அவர் பாஷையில் ஏதோ கேட்டார். நான் நல்லதைத் தட்டித் தலையாட்டினேன். காலியைத் தட்டிக் கையை விரித்தேன். தலையைச் சாய்த்துக் கேட்டவர் சட்டென்று உள்ளே போனார்.

“போலீஸுக்குச் சொல்லப் போயிருக்கா. வாங்க, ஓடிருவம்,” என்றாள் மனைவி.

சரிவான தெரு, வழுக்குகிற கல் பாவிய நடைபாதை. நடப்பதற்கே என் சட்டையைப் பிடித்திருந்தவள் ஓடுவதைப் பற்றிப் பேசினாள்.

அதற்குள் கதவு திறந்தது. பெண்மணி என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். மாடிப்படிச் சுவரெல்லாம் அதே நீல டைல்ஸ். தட்டு என்று சைகை காட்டினார். நான் தட்டத் தட்ட, காலியானவற்றில் அவர் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே வந்தார். மூன்றாவது மாடிக்குப் போவதற்குள் இரண்டு கதவுகள் திறந்து, ஆட்கள் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். யாரோ மனைவிக்குக் காப்பி கொடுத்தார்கள்.

படியில் உட்கார்ந்து குடித்தபடி அவள் சொன்னாள்: “நம்ம குளிமுறியில ஒண்ணு ஒரு வருசமா ஆடுது. அத ஒருநா தட்டிப் பாத்தியளா?”

நல்லவேளையாக மகன் போன் செய்தான். போனை ஸ்பீக்கரில் போட்டுப் பெண்மணியிடம் கொடுத்தேன். இருவரும் அந்த ஊர்ப் பாஷையில் வெகுநேரம் பேசினார்கள்.

“அப்பா, உங்கள நகராட்சி ஆளுன்னு நெனச்சிட்டாவ. எப்ப சிமென்டோட வருவியன்னு கேக்காவ.”

“மக்கா, நான் மார்த்தாண்டம்னு சொல்லு.”

அவன் சொன்னான். பெண்மணி “மார்த்தாண்டம்” என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படிச் சிரித்தார். புறப்படும்போது சூடான இனிப்புப் பலகாரம் இரண்டைக் காகிதத்தில் சுற்றித் தந்தார். தெரு முனை திரும்புவதற்குள் மனைவி இரண்டையும் தின்றுவிட்டாள்.

ஊர் திரும்பியதும், எங்கள் கடைக்கு வழக்கமாக டைல்ஸ் ஒட்டுகிறவரிடம் அந்தத் தெருவின் படங்களைக் காட்டினேன். அவர் ஒன்றை விரலால் பெரிதாக்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

“ஜாயின்ட் நேரா இல்லயே, மொதலாளி. ஆரு ஒட்டினது?”