எந்தக் கண்டக்டர், மாப்பிள்ளை?

பஸ் படியில் தொங்கிப் பிழைப்பவன் வெயிலையும் மழையையும் தாங்கிக்கொள்வான், "என்ன வேலை?" என்று பெண் வீட்டார் கேட்பதைத்தான் தாங்க மாட்டான். என் இனத்துச் சகோதரர்களுக்கு இது தெரியும்.

பெயர் ஒன்று, ஆள் இரண்டு

கண்டக்டர் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எங்கள் பக்கம் இரண்டு அர்த்தம். ரப்பர் தோட்டத்தில் ஆள்களை மேய்த்து வேலை வாங்குபவர் கண்டக்டர். அவருக்குத் தொப்பி, பூட்ஸ், தனி வீடு எல்லாம் உண்டு. கிள்ளானுக்கும் காப்பாருக்கும் நடுவே டிக்கெட் கிழிக்கும் நானும் கண்டக்டர்தான். எனக்கு உண்டானது ஒரு தோல்பையும் தொண்டை நிறையப் புழுதியும்.

காப்பார்த் தோட்டத்துக் கங்காணி மகள் பார்வதி, தாயாரோடு கிள்ளான் பாசாருக்குக் காய்கறி வாங்க என் பஸ்ஸில்தான் வருவாள். கட்டினால் அவளைத்தான் என்று எனக்குப் பிடிவாதம். ஆனால் கங்காணி தம் மூத்த மகளைக் காஜாங் பக்கம் ஒரு தோட்டத்துக் கண்டக்டருக்குக் கொடுத்தவர். என் கவலையை டிரைவர் காசிம் பாயிடம் கொட்டினேன். ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார்.

"கண்டக்டர்னு மட்டும் சொல்லு லா தம்பி, மத்ததக் கல்யாணத்துக்கப்புறம் பேசிக்கலாம்!"

பெண் கேட்கப் போன கதை

பாய் சொன்னபடி பேசத்தான் நினைத்தேன். கங்காணியின் மீசையைப் பார்த்ததும் உண்மை தானாக வந்துவிட்டது. "பஸ் கண்டக்டருங்க" என்றேன். அவர் முகம் சுருங்கியது. "மூத்த மாப்பிள்ளை பக்கத்துல இவர எப்படி உக்கார வைக்கிறது?" என்று கூரையைப் பார்த்துக் கேட்டார்.

வைத்த காப்பியைக் குடிப்பதா, எழுந்துவிடுவதா என்று விழித்துக்கொண்டிருந்தேன். அப்போது பார்வதியின் தாயார் அடுப்படியிலிருந்து வந்து கணவர் முன்னால் நின்றார். அவர் பேசியதைக் கேட்டு எனக்கு அந்த அம்மாள் காலில் விழுந்துவிடலாம் போல் இருந்தது.

"மூத்தவளத் தீபாவளிக்குத் தீபாவளிதான் கண்ணால பாக்குறேன். இவரு பஸ்ஸு தெனமும் நம்ம தோட்டத்து முனையில நிக்குது. பார்வதி நெனச்சா ஏறி வந்துருவா. இவருக்கே குடுங்க!"

வெள்ளிக்கிழமை பஸ்

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. கிள்ளானில் குடித்தனம். பார்வதி நினைத்தபோதெல்லாம் காப்பாருக்குப் போனாள். ஒரு வெள்ளிக்கிழமை அவள் திரும்பும்போது மாமியாரும் வந்தார். கூடவே அத்தை, சித்தி, அவர்கள் பிள்ளைகள், பலாப்பழம், கோழி. பஸ் முழுக்கச் சிரிப்பும் பேச்சும்; எனக்கும் உள்ளூரப் பெருமைதான். இருந்தாலும் வேலை வேலைதானே என்று டிக்கெட் கட்டை எடுத்துக்கொண்டு மாமியார் பக்கம் திரும்பினேன். பார்வதி முறைத்தாள்.

"எங்கம்மாகிட்டயா டிக்கெட் கேக்குறீங்க?"

அன்றிலிருந்து, உறவுக்காரர் அல்லாத ஒருவர் என் பஸ்ஸில் ஏறிவிட்டால் அவருக்கு ராஜ உபசாரம் செய்து உட்கார வைக்கிறேன்.